மார்பே தொட்டில்: குறைமாதக் குழவியும் பெற்றோர் தொடுகையும்

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர், மரபியலில் ஊற்றுணர்வையே முதலறிவாக வைத்தார். கருவறையிலும் புலன்களுள் முதலில் அரும்புவது தொடுவுணர்வே என்று இன்றைய மருத்துவ நூலார் கூறுவர். அவ்வுணர்வு மட்டும் விழித்திருக்க, ஏனைய உறுப்புகள் முதிருமுன்னரே உலகிற்கு வந்துவிடும் குழவியின் நிலை யாது?

37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைமாதப் பேறு என்பர். இக்குழவிக்குத் தோலடிக் கொழுப்பு போதாது. ஆதலின் உடற்சூடு விரைந்து இறங்கும். மூச்சு இடையிடையே தடைப்படும். இன்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பேழை சூட்டைத் தரும், தாயைத் தராது. அங்கே அதற்குக் கிட்டும் தொடுகை பெரும்பாலும் ஊசியும் குழாயும் ஒட்டுநாடாவுமே.

1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், எட்கார் ரேய் சனாப்ரியா என்னும் குழந்தை மருத்துவர் ஒரு வழி கண்டார். பேழைகள் போதாமல் ஒன்றிலேயே பல குழந்தைகளைக் கிடத்தினர், நோய்த்தொற்று பரவிற்று. அவர் குழந்தைகளைத் தாயரின் மார்பில் சேர்த்துக் கட்டச் சொன்னார். எக்டர் மார்ட்டினெசு என்னும் மருத்துவரும் உடன் சேர்ந்தார். குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கின் பெயரால் இது 'கங்காரு தாய்மைப் பராமரிப்பு' எனப்பட்டது. வறுமையில் பிறந்த முறையாயினும், பின்னர்ச் செல்வ நாடுகளும் இதனைக் கைக்கொண்டன.

செய்முறை எளிது. அணையாடை, குல்லாய், காலுறை மட்டும் அணிவித்து, குழந்தையைத் தாயின் வெற்று மார்பிடையே நிமிர்த்தி வைப்பர். தலை ஒருபுறம் திரும்பி, மூச்சுவழி தடையின்றி இருத்தல் வேண்டும். கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கும். மேலே துணியால் கட்டிவிட்டால் தாய் சாய்ந்து உறங்கவும் கூடும். குழந்தை சூடு பெறுகிறது. தாய்க்குப் பால் ஊறுகிறது. அவ்வாறு எடுக்க இயலாத மிக நலிந்த குழவிக்கு, செவிலியரின் அனுமதியுடன், ஒரு கையைத் தலையிலும் மறு கையைப் பாதங்களிலும் அசையாது வைத்திருக்கலாம். வருடுதல் கூடாது, அது அக்குழவியைக் களைப்புறச் செய்யும். முழங்கை வரை கழுவுதலும் மோதிரம், வளையல்களைக் கழற்றுதலும் முதற்கடன்.

குழந்தை தேறிய பின்னரே தாயிடம் தரவேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கின் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு அதனை மாற்றியது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுடைய 3,211 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். பிறந்தவுடன் மார்பில் சேர்க்கப்பட்டோருள் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12; தேறும்வரை காத்திருந்தோருள் 15.7. இம்முடிவு 2021இல் வெளிவந்தது. 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம், இயன்றவரை உடனே தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதனைச் செய்யுமாறு பரிந்துரைத்தது. தாமே மூச்சுவிட இயலாதவை, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவை, அதிர்ச்சி நிலையில் உள்ளவை ஆகியன மட்டுமே விலக்கு.

நம் ஓசூரில் தடை வேறிடத்தில் உள்ளது. சிப்காட் ஆலைகளை நம்பிக் குடியேறிய இளங்குடும்பங்களுக்கு உடனிருக்கப் பாட்டியோ அத்தையோ இல்லை. குழந்தையைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டுத் தாய் இங்கே படுத்திருப்பதும் உண்டு. (மார்பில் அணைத்தபடி கொண்டுசெல்வதும் சூடு காக்கும் வழியென்பதைப் பலர் அறியார்.) "பச்சை உடம்புக்காரி அங்கே போய் உட்காரலாமா?" என்று தடுக்கும் பெரியோரின் அன்பை மதிக்கிறேன், தடையை ஏற்கேன். அவள் அங்கிருப்பதும் பிள்ளைக்கு மருத்துவமே. தந்தை சட்டையைக் கழற்றிப் பிள்ளையை ஏந்துவதில் நாணமும் வேண்டா. அவர் மார்பும் அதே சூட்டைத் தரும். தனியார் துறைத் தந்தையர்க்குச் சட்டம் விடுப்பு அளிக்கவில்லை. இரவுப்பணி முடித்து வருவோர் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையேனும் கேட்டுப் பெறலாம். இ.எஸ்.ஐ. காப்பீடுள்ள பெண் தொழிலாளர்க்கோ, குறைமாதப் பேற்றால் உடல்நலம் குன்றின், மருத்துவச் சான்றின் பேரில் மகப்பேற்றுப் பயன் மேலும் ஒரு மாதம் நீளும். இதனை அறியாமல் வேலையை விட்டவரும் உளர்.