830 மரத்துண்டுகளில் ஒரு முகம்

முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் தமிழில் ஒரே சொல்தான். அதனால் ‘மரக்கண்ணாடி’ என்றால் சிரிப்பு வரும். டேனியல் ரோசின் 1999-இல் செய்தது அதைத்தான். ஜெருசலேமில் பிறந்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் கலைஞர் இவர்.

ஆளுயரத்தை மிஞ்சும் ஒரு சட்டம். அதற்குள் வரிசை வரிசையாக 830 சதுர மரத்துண்டுகள். எதிரே போய் நின்றதும், சோழிகளைக் குலுக்கிக் கொட்டினாற்போலச் சடசடவென்று ஒரு சத்தம். பார்த்தால் மரத்தில் உங்கள் உருவம்! நீங்கள் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும்.

திரை கிடையாது, சாயம் கிடையாது, துண்டுக்குள் விளக்கும் கிடையாது. அப்புறம் கறுப்பும் வெளுப்பும் எப்படி வருகின்றன? ஒரு தீப்பெட்டியை விளக்குக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். அதன் முகப்பை மேலே சாய்த்தால் பளிச்சென்றிருக்கும். கீழே கவிழ்த்தால் இருண்டுவிடும். சூட்சுமம் இவ்வளவுதான்.

மீதியெல்லாம் கணக்கு. மறைந்திருக்கும் கேமரா உங்களைப் படம்பிடிக்கிறது. கணினி அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சராசரியாக எவ்வளவு வெளிச்சம் என்று பார்க்கிறது. ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் ஒரு சர்வோ மோட்டார். சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் மோட்டார் அது. நெற்றியில் வெளிச்சமா? அந்த இடத்துத் துண்டு நிமிரும். மீசையா? கவிழும். பிக்சல் எனப்படும் படப்புள்ளி, இங்கே கையால் தொடக்கூடிய மரத்துண்டு.

நம் செல்போனின் 12 மெகாபிக்சல் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். மரக்கண்ணாடியில் அதில் 14,000-இல் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஆள் தெரிகிறது. காரணம், பார்ப்பவரின் மூளையும் சேர்ந்து வேலை செய்கிறது. பெல் ஆய்வகத்தின் லியோன் ஹார்மன், 1973-இல் லிங்கனின் முகத்தைச் சில நூறு கட்டங்களாக்கிக் காட்டினார். கிட்டப் பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கினால் லிங்கன்! முகத்தை மறைப்பவை கட்டங்களின் கூரான விளிம்புகள். பார்வை மங்கியதும் அவை கரைந்துவிடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. சாதாரணக் கண்ணாடியில் நீங்கள் காண்பது ஒன்று, பக்கத்தில் நிற்பவர் காண்பது இன்னொன்று. மரக்கண்ணாடியில் கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே படம். பிம்பம் இங்கே பொதுச்சொத்து.

ரோசின் பிறகு குப்பையிலும், பென்குயின் பொம்மைகளிலும்கூடக் கண்ணாடி செய்தார். இவற்றின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பார்க்கும்போது நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்குங்கள். சத்தத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.