பாத்ரூம் கேபினெட் ஸ்டைலா இருக்கட்டும்... ஆனா மாத்திரை மட்டும் அங்கே வேணாம்!

புது வீட்டுக்குக் குடிபோனதும் பாத்ரூமுக்கு முதல்ல வாங்குறது வாளியும் கப்பும். அடுத்தது, வாஷ்பேசினுக்கு மேல மாட்டுற கண்ணாடி வச்ச கேபினெட். ஆன்லைனில் தேடினால் 'மெடிசின் கேபினெட்' என்றே பல மாடல்கள் வரும். அந்தப் பெயரை நம்பி பாராசிட்டமால், அம்மாவோட தைராய்டு மாத்திரை பாட்டில், அப்பாவோட சுகர் டெஸ்ட் ஸ்டிரிப் எல்லாத்தையும் அதுக்குள்ள அடுக்கிடுறோம். சிக்கலே இங்கதான் ஆரம்பிக்குது.

ஏதாவது ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. 25 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வைக்கவும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கீஸர் போட்டு ரெண்டு பேர் குளிச்ச பாத்ரூம் இதுக்கு நேர் எதிர். ஆஸ்பிரின் மாத்திரை ஈரம் பட்டால் மெல்லச் சிதையும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தைராய்டுக்குத் தரும் லெவோதைராக்சின் வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றுக்குமே ஆகாது. பார்க்க மாத்திரை அப்படியே இருக்கும், வீரியம் மட்டும் குறைஞ்சிருக்கும். சுகர் டெஸ்ட் ஸ்டிரிப்பில் ஈரம் ஏறினால் மீட்டர் தப்பான எண்ணைக் காட்டலாம். அந்த எண்ணைப் பார்த்துதான் அப்பா இன்சுலின் அளவை முடிவு பண்ணுகிறார் என்றால், விஷயம் விளையாட்டு இல்லை.

அப்புறம் எதுக்கு அந்தப் பெயர்? அது அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். அங்கே பெரும்பாலான வீட்டுச் சுவர்கள் மரச்சட்டம் வைத்து எழுப்பியவை. இரண்டு சட்டங்களுக்கு நடுவே சும்மா கிடக்கும் இடைவெளியில் கேபினெட்டைப் பதித்தார்கள். பழைய மாடல்கள் பலவற்றில் உள்பக்கத் தகட்டில் ஒரு சின்ன துளை இருக்கும். ஷேவ் பண்ணி முடிச்ச பிளேடை அதில் போட்டால் நேரா சுவருக்குள்ள விழுந்துடும்! இன்னிக்கு அந்த வீடுகளைப் புதுப்பிக்கச் சுவரை உடைப்பவர்கள், துருப்பிடித்த பிளேடு குவியலைப் பார்த்து அலறுறாங்க.

நம்ம செங்கல் சுவரில் அந்த இடைவெளி கிடையாது. பதிலுக்கு நம்மிடம் மாடம் இருந்தது. விளக்கு வைக்க விட்ட அதே மாடக்குழியைத்தான் இன்னிக்கு இன்டீரியர் ஆட்கள் 'ஷவர் நிஷ்' என்று சொல்லி பாத்ரூமில் வைக்கிறாங்க. ஷாம்பு, சோப்பு, பாடி வாஷுக்கு இதைவிட அழகான இடம் இல்லை. சொந்த வீடு கட்டுறீங்கன்னா டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க. அடித்தளம் லேசா வெளிப்பக்கம் சரிஞ்சு இருக்கணும், இல்லைன்னா தண்ணி தேங்கிப் பாசி பிடிக்கும்.

வாடகை வீடா? ஓனர் டைல்ஸில் ஓட்டை போட விடமாட்டார். சக்‌ஷன் கப் வழவழ டைல்ஸில் ஓரளவு நிற்கும். சொரசொரப்பான டைல்ஸில் நடுராத்திரி 'டமார்'தான். என் ஓட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டுற பிளாஸ்டிக் பை வச்ச ஷூ ஆர்கனைசருக்கு. சீப்பு, ஃபேஸ்வாஷ், ஹேர் டிரையர்னு அத்தனையும் அடங்கிடும், மாட்ட ஒரு ஹூக் போதும்.

கேபினெட் வாங்குறவங்க மெட்டீரியலைக் கேட்காம வாங்காதீங்க. எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் உப்பிடும். பி.வி.சி. தாங்கும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை. ஸ்டீலில் 304 கிரேடு. விலை குறைந்த 202-ல் நிக்கல் கம்மி, சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இப்ப ஜாலியான பகுதி. கேபினெட் கதவின் உள்பக்கம் ஒரு காந்தப் பட்டை ஒட்டுங்க. நெயில் கட்டர், ட்வீஸர், ஹேர்பின் எல்லாம் அதில் தொங்கும், தேட வேண்டியதில்லை. பின்பலகையில் வாட்டர்ப்ரூஃப் ஸ்டிக்கர். காலையில் தூக்கக் கலக்கத்தோட கதவைத் திறந்தா வடிவேலு முழிக்கிற முழியைப் பார்க்கணும், அவ்வளவுதான். பாட்டியோட பீங்கான் ஊறுகாய் ஜாடி, டூத் பிரஷ் ஸ்டாண்டா மாறினா பாத்ரூமோட லுக்கே வேற. அஞ்சறைப்பெட்டியில் சேஃப்டி பின், பட்ஸ், ரப்பர் பேண்ட், கம்மல். பனை ஓலைப் பெட்டி மட்டும் வேண்டாம், பூஞ்சை பிடிச்சிடும்.

சரி, மாத்திரை எங்கே போகும்? பெட்ரூம் அலமாரியின் மேல்தட்டுக்கு. அதுக்கு எங்க சாய்ஸ், வீட்டில் சும்மா கிடக்கிற எவர்சில்வர் டிபன் கேரியர். மேல் அடுக்கில் காய்ச்சல், சளி; நடுவில் வயிறு; கீழே பேண்டேஜ், ஆயின்ட்மென்ட். ஒவ்வொரு அடுக்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க்கரால் எழுதிடுங்க. வெளிச்சம் போகாது, ஊருக்குப் போகும்போது அப்படியே தூக்கிட்டுப் போகலாம். குழந்தை இருக்கிற வீட்டில் உயரம் முக்கியம், ஏன்னா கேரியர் கிளிப்பைத் திறக்க அதுங்களுக்கு ரெண்டு நிமிஷம் போதும். டெஸ்ட் ஸ்டிரிப்பை அதன் ஒரிஜினல் டப்பாவிலிருந்து மாற்றவே கூடாது. திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீஸரில் இல்லை.

இன்னொரு விஷயம். மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருவாங்க. எக்ஸ்பயரி தேதி பெரும்பாலும் மீதி அட்டையோட அவங்ககிட்டயே தங்கிடும். வாங்குறப்பவே முழு அட்டையையும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. கண் சொட்டு மருந்தில் பல, திறந்த நாலு வாரத்தில் தூக்கிப் போட வேண்டியவை. திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிடுங்க, மார்க்கர் கையிலதானே இருக்கு.