ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே இயக்கலாம்... பாதுகாப்பாக!

'அய்யோ, அந்த ஃபைல் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே இருக்கே!' வீட்டுக்கு வந்தபிறகு இப்படித் தலையில் கை வைத்திருக்கிறீர்களா? உடனே சிலர், ஆபீஸ் ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்தில் விட்டுவிடுகிறார்கள். வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரிதான் இது. திறந்த போர்ட்களைத் தேடிப்பிடித்து, பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவே புரோகிராம்கள் உலவுகின்றன.

அப்போ என்னதான் வழி? வி.பி.என்! இணையத்துக்குள்ளேயே உங்களுக்கு மட்டுமான ரகசியச் சுரங்கப்பாதை. முதலில் ஆபீஸ் ஐ.டி பிரிவில் அனுமதி வாங்குங்கள். பிறகு, இலவசமாகக் கிடைக்கும் 'வயர்கார்ட்' சாஃப்ட்வேரை இரண்டு கம்ப்யூட்டரிலும் நிறுவுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சாவிகள் உருவாகும். பப்ளிக் கீயை மட்டும் பரிமாறிக்கொள்ளுங்கள். பிரைவேட் கீ அந்தந்த கம்ப்யூட்டரைவிட்டு வெளியே போகவே கூடாது. ஆபீஸ் ரவுட்டரில் 3389-ஐ மூடிவிட்டு, வயர்கார்டுக்கான யு.டி.பி போர்ட்டை மட்டும் திறந்தால் போதும். வழக்கமாக அது 51820. சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் பதிலே வராது.

இரண்டு இடத்திலும் ஐ.பி முகவரி 192.168.1 என்றே தொடங்கினால் குழப்பம் வரும். வீட்டு ரவுட்டரில் அதை மாற்றிவிடுங்கள்.

லேப்டாப் தொலைந்துபோனால்..? தயங்காமல் ஆபீஸில் சொல்லுங்கள். உங்கள் பப்ளிக் கீயை அங்கே நீக்கிவிட்டால், எடுத்தவருக்குச் சுரங்கம் திறக்காது.