கொட்டியாரக் கரையில் ஒரு கைதியின் நம்பிக்கை

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் திருகோணமலை மாவட்டத்தில் பருவமழையோடு பக்தியும் பெருகுகின்றது. சைவ ஆலயங்களிலே திருவெம்பாவைப் பூசை நடைபெறுகின்றது. கிறிஸ்தவ தேவாலயங்களிலே நத்தார் ஆராதனைக்கு ஆயத்தங்கள் நடைபெறுகின்றன. சங்கொலியும் மணியோசையும் ஒரே குளிர்காற்றில் கலந்து வருகின்ற காலம் இது. புத்தாடையும் பலகாரமும் நிறைந்த இல்லத்தில் இருந்துகொண்டு, "இறைவனை நம்பு" என்று பிறர்க்கு உபதேசிப்பது எளிது. வீடும் உறவும் சுதந்திரமும் பறிபோன ஒருவனுக்கு அந்நம்பிக்கை எவ்விதம் கைகொடுக்கும்? பண்டிகைக் காலத்தில் நாம் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய வினா இதுவேயாகும்.

இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சம்பூரும் மூதூரும் அமைந்துள்ள கொட்டியாரக் குடாவே ஒரு வரலாற்றைச் சொல்லும்.

1659 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மசூலிப்பட்டினத்துக் கடலிலே வீசிய புயலில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. அதனைப் பழுதுபார்க்கும் பொருட்டும், அவ்வேளையில் வாணிகம் செய்யும் பொருட்டும் கப்பல் கொட்டியாரத்துக்கு வந்தது. கப்பலின் தலைவர் ரொபேர்ட் நொக்ஸ். அதே பெயர் கொண்ட அவருடைய மகனுக்கு அப்போது ஏறத்தாழ 19 வயது. 1660 ஆம் ஆண்டில், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் கரையிலே சிறைப்பிடித்தனர். ஒரு புளியமரத்தடியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இந்நிகழ்ச்சியை நினைவூட்டும் கல்லொன்று 1893 இல் மூதூரில் நாட்டப்பெற்றது.

சிறைப்பட்ட பின்னர், கப்பலுக்குச் செய்தி கொண்டுசெல்லும்படி மகனை அரசனின் அதிகாரிகள் அனுப்பினர். கப்பலில் ஏறிய இளைஞன் அங்கேயே தங்கித் தப்பியிருக்கலாம். ஆனால், கப்பலிலிருந்தோரைக் கரைக்கு வரவேண்டாமென எச்சரித்துவிட்டு, தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி அவன் மீண்டும் சிறைக்கே திரும்பினான். கடவுள் நம்பிக்கை என்பது வாக்குத் தவறாமையிலிருந்து தொடங்குகின்றது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

கண்டி இராச்சியத்தின் உட்பகுதியிலே பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் இருவரும் வைக்கப்பட்டனர். காய்ச்சல் இருவரையும் வாட்டியது. 1661 பெப்ரவரியில் தந்தையார் காலமானார். ஊரார் சடலத்தைத் தொட முன்வரவில்லை. கட்டி இழுத்துச் செல்ல ஒரு பழங்கயிற்றையே கொடுத்தனுப்பினர். தானும் நோயாளியாய் இருந்த மகன், கூலிக்கு ஓர் ஆளைத் தேடித் துணைக்கு வைத்துக்கொண்டு, தங்கள் சமய முறைப்படி தந்தையை நல்லடக்கம் செய்தான்.

அவனிடம் எஞ்சியிருந்தவை இரண்டு சமய நூல்களே. அவற்றை மனப்பாடமாகும்வரை படித்துவிட்டான். ஒருநாள் ஓடையொன்றில் தூண்டிலிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் தம்மிடம் ஒரு புத்தகம் இருப்பதாகக் கூறினார். போர்த்துக்கேயர் கொழும்பைக் கைவிட்ட காலத்தில் அவர் கைக்கு வந்த புத்தகம் அது. வாங்கிப் பார்த்தால், ஆங்கில வேதாகமம்! கையிலிருந்த பொருளையெல்லாம் கொடுத்துவிட நொக்ஸ் துடித்தான். உடனிருந்த வேலைக்காரச் சிறுவனோ, அத்தனை விலை வேண்டாமெனத் தடுத்து, பின்னல் தொப்பியொன்றுக்கு அதனை மாற்றித் தந்தான்.

புத்தகத்தைத் திறந்தவுடன் கண்ணில் பட்ட பகுதி, அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம். சிறையில் கட்டுண்டிருந்த பவுலையும் சீலாவையும் நோக்கி, தான் இரட்சிப்படைய வழி யாது எனச் சிறைக்காவலனே வினவுகின்ற இடம் அது. காவலனும் விடுதலை வேண்டி நிற்பவனே என்னும் செய்தி ஒரு கைதியின் உள்ளத்துக்கு எத்தகைய ஆறுதலை அளித்திருக்கும்!

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம்பிக்கை என்று சொல்லி நொக்ஸ் கைகட்டி வாளாவிருக்கவில்லை. தொப்பி பின்னினான், கோழியும் பன்றியும் வளர்த்தான், நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டியுடன் பெற்றான், சில்லறை வியாபாரியாகச் சுற்றித் திரிந்து வடக்கே செல்லும் வழிகளை அறிந்துகொண்டான். முயற்சிகள் பல தடைப்பட்டன. ஈற்றில் 1679 செப்டம்பரில், ஸ்டீவன் ருட்லண்ட் என்னும் தோழனுடன் புறப்பட்டு, அநுராதபுரக் காடுகளைக் கடந்து, அருவியாற்றின் போக்கைப் பின்பற்றி, ஒக்டோபர் 18 ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். சிறையிலே கழிந்த நத்தார்த் திருநாள்கள் பத்தொன்பது. அவ்வாழ்வைப் பற்றி அவன் எழுதிய நூல் 1681 இல் லண்டனில் வெளியாயிற்று. 'ரொபின்சன் குரூசோ' என்னும் கதைக்கு அது தூண்டுதலாயிருந்தது என்பது அறிஞர் பலர் கருத்து.

இத்துடன் வரலாறு முடிந்திருப்பின் எவ்வளவோ நன்றாயிருக்கும். ஆனால், உண்மையை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. விடுதலை பெற்ற நொக்ஸ், சில ஆண்டுகளுக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவனாகி, மடகாஸ்கரில் மனிதரை அடிமைகளாக வாங்கிச் சென் எலேனாத் தீவுக்கு ஏற்றிச் செல்லப் புறப்பட்டான். பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தவனுக்குப் பிறர் சிறை கண்ணிற் படவில்லை! தன் துன்பத்தில் இறைவனை நம்பத் தெரிந்தவனுக்கு, பிறர் துன்பத்தில் இறைவனைக் காணத் தெரியவில்லை. அவனுடைய பக்தி பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். அது பாதி வழியில் நின்றுவிட்டது என்றே சொல்லுவோம்.

இக்குறை அவனுக்கு மாத்திரம் உரியதன்று. 2004 இல் நத்தாருக்கு மறுநாள் ஆழிப்பேரலை இக்கரையோரங்களிலே பண்டிகைக் களிப்பை ஒரு காலைப்பொழுதில் அழித்தது. பதினாறு மாதங்களில், 2006 ஏப்ரலில், குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அவர்களுடைய காணிகள் பாதுகாப்பு வலயமென்றும், பொருளாதார வலயமென்றும், கடற்படை முகாமென்றும் பெயர் பெற்று அடைபட்டன. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்படும்வரை, பல குடும்பங்கள் கிளிவெட்டி முதலிய இடங்களிலே தற்காலிகக் கொட்டில்களில் மார்கழி மழையைக் கழித்தன. அவ்வாண்டுகளில் நம்முள் எத்தனை பேர் பண்டிகைப் பலகாரத்தின் நடுவே அவர்களை நினைத்தோம்?

பெத்லகேமில் இடமின்றித் தொழுவத்திலே பிறந்த குழந்தையைக் கிறிஸ்தவர் இந்நாளில் வணங்குகின்றனர். எவ்வுயிரிலும் சிவனைக் காண்பதே அன்பு எனச் சைவர் நாம் ஓதுகின்றோம். இரண்டும் சென்றடையும் வாசல் ஒன்றே. அது துன்பப்படுவோர் வீட்டு வாசல். இவ்வாண்டு விடுமுறையில், வீடிழந்தோர், நோயுற்றோர், தனித்திருப்போர் ஆகியோருள் ஒருவரையேனும் நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று கண்டு வருவோமாக. இறைவன் கைவிடமாட்டான் என்று அவர்கள் நம்புவதற்கு, நமது வருகையும் ஒரு காரணமாகட்டும்.