உங்கள் போர் தண்ணீருக்கு வயது என்ன?

வடதுருவப் பனியைப் படிக்கும் கணக்கு, மீன்சுருட்டி மண்ணுக்கும் பொருந்தும்

அரியலூர் மாவட்டம், மீன்சுருட்டி வட்டாரத்தில் போர் போடும்போது வழக்கமாக எழும் கேள்விகள் இரண்டு. எத்தனை அடியில் தண்ணீர் வரும்? எத்தனை இஞ்ச் கிடைக்கும்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அது பெரும்பாலும் யார் வாயிலும் வருவதில்லை. மேலே வரும் தண்ணீர் எப்போது பெய்த மழை? போன ஐப்பசியில் பெய்ததா, தாத்தா காலத்ததா, ராஜேந்திர சோழன் காலத்துக்கும் முந்தியதா?

வேடிக்கையாகத் தோன்றினாலும், விவசாயியின் பணமும் பயிரும் இந்தக் கேள்வியில்தான் நிற்கின்றன. போன மழையின் தண்ணீர் என்றால், எடுத்தது அடுத்த மழையில் திரும்பச் சேரும், அது வட்டி. ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய தண்ணீர் என்றால், நாம் கரைப்பது முதல். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் வித்தை தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது.

தண்ணீரிலும் நெல் உண்டு, பதர் உண்டு

தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. ஆக்சிஜன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை அல்ல. ஆயிரம் அணுக்களை எடுத்தால் சுமார் இரண்டு மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கும். அதற்கு ஆக்சிஜன்-18 என்று பெயர்; மற்றவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன்-16. ஹைட்ரஜனிலும் டியூட்டீரியம் என்ற கனத்த வகை மிகச் சிறிதளவு உண்டு. ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வகைகளைத்தான் ஐசோடோப்பு என்கிறார்கள்.

களத்தில் நெல் தூற்றும்போது கனத்த மணி காலடியில் விழும், பதர் தூரம் போகும். மழையும் ஏறக்குறைய அப்படித்தான். கடலிலிருந்து ஆவியாகும்போது லேசான தண்ணீர் முந்திக்கொண்டு கிளம்புகிறது. மேகம் குளிர்ந்து மழையாகும்போது கனத்த தண்ணீர் முதலில் இறங்கிவிடுகிறது. மேகம் நெடுந்தூரம் போகப் போக, மலை ஏற ஏற, மிச்சமிருக்கும் ஈரம் லேசாகிக்கொண்டே போகும். ஆகவே ஒரு சொட்டு நீரில் கனத்த அணுக்கள் எத்தனை என்று எண்ணினால், அது எவ்வளவு தூரம், எவ்வளவு குளிரைக் கடந்து வந்தது என்று கணிக்கலாம்.

தூற்றலின் கடைசிக் களம்

இந்தத் தூற்றல் முடியும் இடம் துருவப் பகுதி. கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் விழும் பனியில், கடல் நீரோடு ஒப்பிட்டால் ஆக்சிஜன்-18 ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு குறைவு. இந்தக் கணக்கின் பயனை உலகுக்குக் காட்டியவர் டென்மார்க் விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட். 1952-ல் கோபன்ஹேகனில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாட்டிலும் புனலும் வைத்து மழை நீரைப் பிடித்ததில் அவர் வேலை தொடங்கியது. இடம் குளிரக் குளிர மழையும் பனியும் லேசாகும் என்பதை அவர் கண்டார். பனி மிகுந்த நாடுகளின் அளவுகளை வைத்து 1964-ல் அவர் சொன்ன கணக்குப்படி, ஆண்டுச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஆக்சிஜன்-18 ஆயிரத்துக்குச் சுமார் 0.7 பங்கு குறையும்.

கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் பெய்யும் பனி உருகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. கேம்ப் செஞ்சுரி என்ற இடத்தில் 1966-ல் அமெரிக்கர்கள் ஏறக்குறைய 1,390 மீட்டர் ஆழம்வரை பனியைத் துளைத்து எடுத்தார்கள். நாம் போர் போடுவது போலத்தான்; அங்கே வந்தது பனித்தண்டு. அதை டான்ஸ்கார்ட் குழு அடுக்கடுக்காகச் சோதித்தது. ஒரு லட்சம் ஆண்டுக் குளிரும் வெயிலும் அதில் பதிவாகியிருந்தன.

இன்று ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது. கடலை மூடியிருந்த பனி விலகுவதால், திறந்த கடலிலிருந்து புதிதாக ஈரம் கிளம்புகிறது. 2018 மார்ச்சில் வட ஐரோப்பாவில் கடும் பனிப்பொழிவு வந்தது. பின்லாந்தில் காற்றின் ஈரத்தை ஐசோடோப்பு முறையில் அளந்தவர்கள், அந்தப் பனியின் பெரும்பகுதி பனி விலகிய பேரண்ட்ஸ் கடலிலிருந்து வந்தது என்று கண்டார்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் 2008 முதல் ‘ஹிமாத்ரி’ என்ற ஆய்வு நிலையத்தை நடத்தி இந்தியாவும் ஆர்க்டிக்கைக் கவனித்து வருகிறது.

குடகு மழையா, வங்கக்கடல் மழையா?

அதே தராசை நம் ஊருக்குக் கொண்டுவரலாம். மீன்சுருட்டிக்குத் தெற்கே சில மைலில் அணைக்கரை. அங்கே கொள்ளிடத்தில் வரும் நீரில் பெரும்பங்கு ஆடி, ஆவணியில் குடகிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பெய்தது. அரபிக்கடலிலிருந்து கிளம்பி, கரையேறியதும் பெய்துவிடும் மழை அது, ஒப்பீட்டளவில் கனத்தது. மேட்டூர் அணையில் தேங்கி வெயிலில் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் கனக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து நமக்கு நேரே வரும் வடகிழக்குப் பருவமழை அதைவிட லேசானது. புயலோடு கொட்டும் மழை மிகவும் லேசானது.

எனவே ஒரு கிணற்று நீரைச் சோதித்தால், அது ஆற்று நீரை நம்பியிருக்கிறதா, உள்ளூர் மழையை நம்பியிருக்கிறதா என்று பிரிக்கலாம். ஏரித் தண்ணீருக்கும் தனி அடையாளம் உண்டு. கோடையில் ஏரி வற்றும்போது லேசான நீர் பறந்து, கனத்த நீர் தங்கும். அந்த அடையாளம் பக்கத்துக் கிணற்றில் தெரிந்தால், ஏரி அந்தக் கிணற்றை ஊட்டுகிறது என்று பொருள். தூர் வாரிய குளத்தால் பலன் உண்டா என்று வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை.

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி இருக்கிறது. வடக்கே சென்ற படை கொண்டுவந்த கங்கை நீரின் வெற்றிச் சின்னம் அது என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அன்றைய குடங்களில் ஒன்று மூடியபடியே இன்று கிடைத்தால், அதில் இமயமலை நீர் கலந்திருப்பதை ஐசோடோப்புக் கருவி காட்டிக்கொடுக்கும்.

வயது காட்டும் இரண்டு கடிகாரங்கள்

ஆக்சிஜன்-18 வந்த வழியைச் சொல்லும். வயதைச் சொல்ல வேறு இரண்டு உண்டு. ஒன்று டிரிட்டியம். 12.3 ஆண்டில் பாதியாகக் குறையும். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் மழையில் இது பல மடங்கு கூடியது, இப்போது தணிந்துவிட்டது. போர் நீரில் டிரிட்டியம் அறவே இல்லையென்றால், அது அந்தக் காலத்துக்கு முன்பே மண்ணுக்குள் போனது.

மற்றொன்று கார்பன்-14. மழை நீர் வேர் மண்டலத்தைக் கடக்கும்போது கரியமில வாயுவோடு இதையும் ஏந்திக்கொள்கிறது. 5,730 ஆண்டில் பாதியாகும். சுமார் 30,000 ஆண்டுவரை கணக்குப் போட இது உதவும்.

ஜெயங்கொண்டத்திலிருந்து நெய்வேலி வரை மண்ணுக்கடியில் கடலூர் மணற்கல் படிவம் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த படிவம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நீர் அழுத்தத்தோடு நிற்பதால், சுரங்கத்தின் தரை பிளந்துவிடாமல் இருக்க அதை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்த நீரையும் ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். மழை இறங்கும் மேற்கு மேட்டுப்பகுதியில் இளைய நீர். கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக ஆயிரக்கணக்கான ஆண்டு முதிர்ந்த நீர். தென்னிந்தியாவின் ஆழ்நீரில் கடந்த 30,000 ஆண்டுக் காலநிலையின் தடங்களைப் படித்து, ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் 1998-ல் ஆய்வு வெளியிட்டார்கள். கிரீன்லாந்துக்குப் பனித்தண்டு என்றால், நமக்கு ஆழ்நீர்.

இதில் விவசாயிக்கு உள்ள சேதி நேரடியானது. மேல்மட்டக் கிணறு வருடா வருடம் நிரம்பலாம். களிமண் அடுக்குக்குக் கீழே அடைபட்ட ஆழ்நீர் அப்படி நிரம்பாது. அதன் வாய், மணற்கல் வெளியே தெரியும் முந்திரி மேட்டில் இருக்கிறது. அந்த மேட்டில் உள்ள குளம், குட்டை, ஓடைகளைத் தூர்த்துவிட்டு, கீழே ஆழத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், முன்னோர் சேமிப்பைத்தான் செலவழிக்கிறோம். கடலோரம் இப்படி அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறும் ஆபத்தும் உண்டு.

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐசோடோப்பு என்றால் கதிர்வீச்சா? அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் இரண்டுக்கும் கதிர்வீச்சு கிடையாது. எல்லாத் தண்ணீரிலும் இயற்கையாகவே உண்டு. டிரிட்டியம், கார்பன்-14 கதிர்வீச்சு உள்ளவை என்றாலும், இயற்கை நீரில் இருப்பது மிக நுண்ணிய அளவு. பயப்பட வேண்டாம்.

கேள்வி: மண் பரிசோதனை போல எங்கள் போர் நீரையும் கொடுத்துப் பார்க்க முடியுமா?

பதில்: விவசாயிகளுக்கான அன்றாடச் சேவையாக இது இல்லை. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வுக்காகச் செய்கிறார்கள். மாதிரி எடுக்க யாராவது வந்தால் போரின் ஆழம், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எந்த ஆண்டு போட்டது என்று சரியாகச் சொல்லுங்கள். இந்த விவரம் தவறினால் முடிவும் தவறும். முடிவின் நகலை மறக்காமல் கேளுங்கள்.

கேள்வி: கருவி இல்லாமல் நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: துல்லியமான வயது தெரியாது, போக்கு தெரியும். மாதம் ஒருநாள், மோட்டார் ஓடாத விடியற்காலையில் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். போரில் வெறும் கயிறு விட்டால் சிக்கும். மோட்டார் இறக்கும்போதே அளப்பதற்கென்று ஒரு சிறிய பிவிசி குழாயையும் கூட இறக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் எல்லோரும் இறைப்பதை நிறுத்துவதாலும் மட்டம் ஏறும். அதை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. இந்தத் தை மாத அளவைப் போன தை மாத அளவோடு ஒப்பிடுங்கள். நல்ல மழை பெய்தும் நாலைந்து ஆண்டாகத் தை மட்டம் இறங்கிக்கொண்டே போனால், செலவாவது முதல். அந்த நிலையில் இன்னொரு போருக்குக் கடன் வாங்குவதைவிட, சொட்டுநீர்ப் பாசனத்துக்கும், தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கும் மாறுவதே லாபம்.