அம்மாவுக்கு எண்பது வயது

எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் கேக் வாங்குகிறோம், பலூன் கட்டுகிறோம். வீட்டு மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருக்கும் அம்மம்மாவின் பிறந்தநாள் எது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது.

1945 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். 1983 கலவரத்தின்போது அவருக்கு வயது 38. 50 வயதில், 1995 இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தார். 2009 இல் முள்வேலி முகாமில் இருந்தபோது வயது 64. ஐம்பதையும் அறுபதையும் கொண்டாட அவருக்கு யார் இருந்தார்கள்? எண்பதையாவது நாம் கொண்டாடுவோம்.

அறுபதாம் கலியாணம், சதாபிஷேகம் போன்ற சடங்குகளைத் தம்பதிகளுக்கே செய்வது வழக்கம். அதனால் கணவனை இழந்த தாய்மாருக்கு, கணவன் காணாமலாக்கப்பட்டவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறோம். நல்ல காரியங்களில் அவர்களும் பின்னுக்கு நின்றே பழகிவிட்டார்கள். பிறந்தநாளுக்குத் துணை தேவையில்லை. ஏறத்தாழ 80 வருடமும் 10 மாதமும் வாழ்ந்தவர் ஆயிரம் பூரணை கண்டவர். அதில் சுமங்கலி, விதவை என்ற வேறுபாடு கிடையாது. அன்றைக்கு விளக்கை அவரே ஏற்றட்டும்.

பிறப்புப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவே இல்லாவிட்டால் உத்தேச வயதுப் பத்திரம் பெற வழி உண்டு. திகதி தெரியாவிட்டாலும் பிறந்த மாதமும் நட்சத்திரமும் பல முதியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சாட்டாக வைத்து, 60 வயதைக் கடந்தவர்களுக்கான முதியோர் அடையாள அட்டை அவரிடம் உள்ளதா என்றும் பாருங்கள்.

இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம், நகையை அடைவு வைக்கவும் வேண்டாம். நுண்கடனால் நாங்கள் பட்டது போதும். முற்றத்தைக் கூட்டி, மாமர நிழலில் நாலு கதிரை போட்டாலே இடம் தயார். அயலவர் ஆளுக்கொரு கறி கொண்டுவரலாம். இடியப்பமும் சொதியும், உழுந்து வடையும் போதும். சீனி வருத்தம், பிறசர் உள்ளவர் என்றால் இனிப்பையும் உப்பையும் குறையுங்கள். பல் இல்லாதவருக்குக் குழைந்த சோறு நல்லது. காலை பத்து மணிக்கு முன் அல்லது மாலை நாலு மணிக்குப் பின் வைத்தால் வெயிலில் களைக்கமாட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகள் காணொளியில் பேசுவதற்கும் மாலை வசதி. கோடை காலத்தில் இங்கு மாலை 5 மணி என்றால் லண்டனில் பகல் 12.30, ரொறன்ரோவில் காலை 7.30.

யாரைக் கூப்பிடுவது, என்ன சேலை உடுப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். இறந்த மகனின் படத்துக்கு முதலில் பூ வைக்க விரும்பினால் வைக்கட்டும். அழுதால் "இண்டைக்கு அழக்கூடாது அம்மா" என்று தடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள், பிறகு அவரே சிரிப்பார்.

பழைய படங்களெல்லாம் ஓடிய வழியில் போய்விட்ட வீடுகள் எங்களுடையவை. அதனால் அன்று குடும்பமாக ஒரு படம் எடுத்து, கடையில் கொடுத்து அச்சிட்டு, பின்புறம் திகதியையும் எல்லோருடைய பெயரையும் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளை அவருக்குப் பக்கத்தில் இருத்தி, பிறந்த ஊரின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கதை வேறு எவரிடமும் கிடைக்காது.