கவிழும் கோணத்தைக் கேளுங்கள்: ஏ.டி.வி. வாங்குவோர் அறிய வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் புது குவாட் பைக் (அதாவது நாலு சக்கர ஏ.டி.வி.) விற்கும் கடைக்குப் போனால், ஒவ்வொரு வண்டியிலும் கண்ணில் படும்படி ஓர் அட்டை தொங்கும். விலை அட்டை அல்ல. வண்டி பக்கவாட்டில் எத்தனை டிகிரி சாய்ந்தால் இரண்டு சக்கரத்தில் நிற்கும் நிலைக்கு வரும் என்று சாய்வு மேடையில் அளந்து அச்சடித்த அட்டை. 2019-இல் கொண்டுவரப்பட்ட பாதுகாப்பு விதியின்படி, 2020 அக்டோபர் 11 முதல் அங்கே இது கட்டாயம்.

அரசாங்கம் இந்த அளவுக்கு முனைந்ததற்குக் காரணம் சாவுகள். அந்த விதியைக் கொண்டுவந்த காலத்தில், அங்கே குவாட் பைக் விபத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். பண்ணையில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இதுவே முதலிடத்துக்கு வந்துவிட்டது. செத்தவர்கள் எல்லோரும் வேகமாக ஓட்டிச் சாகசம் செய்தவர்கள் அல்ல. வேலி பார்க்கப் போனவர்கள், மாடு ஓட்டியவர்கள், களைக்கு மருந்து அடித்தவர்கள் அவர்களில் உண்டு. இளைஞர்கள் மட்டுமல்ல, பல்லாண்டு பண்ணை அனுபவம் உள்ள பெரியவர்களும் உண்டு.

நாலு சக்கரம் இருப்பதால் இது பைக்கைவிடப் பத்திரமானது என்ற எண்ணம்தான் முதல் ஆபத்து. வேலைக்கு வாங்கும் ஏ.டி.வி. ஏறக்குறைய 300 கிலோ எடை. சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைவு, தரையிலிருந்து உயரம் அதிகம். அதன்மேல் மனிதன் காலை இருபுறமும் போட்டு உட்கார்கிறான். சரிவில் ஓட்டுபவர் தன் உடலை மேட்டுப் பக்கம் சாய்த்துச் சாய்த்துத்தான் அதைச் சமன் செய்ய வேண்டும். ஒரு கல், ஒரு எலி வளை, ஈரப் புல் போதும். மிக மெதுவாகப் போகும்போதுகூடக் கவிழும்.

கவிழ்ந்த பிறகுதான் பெரிய விபரீதம். தலையில் அடிபட்டு இறப்பவர்கள் ஒரு பகுதி. இன்னொரு பகுதியினர் எலும்புகூட முறியாமல் இறக்கிறார்கள். வண்டி மார்பின்மேல் கிடக்கும். விலா எழும்ப இடமில்லாமல் மூச்சு அடங்கிவிடும். தனியாக வேலை செய்யும் இடம், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் யாரும் இல்லை. ஹெல்மெட் அவசியம்தான், ஆனால் மார்பை அழுத்தும் எடையை எந்த ஹெல்மெட்டும் தூக்காது.

அதனால்தான் 2021 அக்டோபர் 11 முதல் அங்கே இரண்டாம் கட்ட விதி வந்தது. வேலைக்கான புது குவாட் பைக்கின் பின்பக்கம், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், கவிழ்ந்தாலும் தரைக்கும் வண்டிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடும் பாதுகாப்புச் சட்டகம் இருந்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் 28.8 டிகிரிக்குள் கவிழக் கூடாது. முன்னும் பின்னும் 38.6 டிகிரி தாங்க வேண்டும். இந்தச் சட்டகமே வேறு காயத்தை உண்டாக்கும், பயிற்சியும் ஹெல்மெட்டும் போதும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு வாதாடியது. ஹோண்டா, யமஹா போன்ற பெரிய பெயர்கள் அந்தச் சந்தையில் குவாட் பைக் விற்பதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தன. அரசு பின்வாங்கவில்லை. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். கவனமாக ஓட்டு என்று சொல்வது எல்லாப் பழியையும் ஓட்டுபவர் தலையில் கட்டுவது. ஓட்டுபவர் ஒரு நாள் தவறுவார் என்று எண்ணி வண்டியைச் செய்வதுதான் பாதுகாப்பு.

அட்டையில் உள்ள எண்ணைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 30 டிகிரி என்று போட்டிருந்தால் 29 டிகிரி சரிவில் ஓட்டலாம் என்று அர்த்தமல்ல. அது அசையாத வண்டியைச் சமமான மேடையில் வைத்து எடுத்த அளவு. மேடு பள்ளம், வேகம், திருப்பம், பின்னால் ஏற்றிய சுமை எல்லாம் சேர்ந்தால் உண்மை வரம்பு அதைவிடக் கீழே இறங்கிவிடும். இரண்டு வண்டிகளில் எது மேல் என்று ஒப்பிடத்தான் அந்த எண்.

இனி வண்டித் தேர்வு. வாரம் முழுக்கத் தோட்ட வேலை, ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் ஒரு சுற்று, இரண்டுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் ஆசை. கிடைக்கும், ஆனால் எதில் விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். பின் சஸ்பென்ஷனைப் பாருங்கள். இரு பின்சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சில் இணைந்த வண்டி சுமை ஏற்றினால் அதிகம் சாயாது, டிரெய்லர் இழுக்கத் தோது, பராமரிப்பும் எளிது. ஆனால் கல் பாதையில் முதுகை உடைக்கும். சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன் உள்ளது மேடு பள்ளத்தில் தனித்தனியாக ஏறி இறங்கும், அடிப்பாகம் பாறையில் தட்டாது; சுமையோடு திரும்பும்போது சற்று அதிகம் சரியும். நாளில் பாதி நேரம் மூட்டையும் டிரெய்லருமாக இருப்பவர் முதல் வகையையும், தூரப் பாதையில் மணிக்கணக்காக ஓட்டுபவர் இரண்டாவதையும் பார்ப்பது நல்லது.

என்ஜின் அளவில் ஏமாறாதீர்கள். தோட்ட வேலைக்கு 400, 500 சி.சி. தாராளம். கடைக்காரர் பெரிய என்ஜினைத்தான் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியது இறக்கத்தில் என்ஜின் பிரேக் எப்படிப் பிடிக்கும், பவர் ஸ்டீயரிங் உண்டா, டிஃபரன்ஷியலை வேண்டும்போது விடுவிக்க முடியுமா என்பவை. பின்னச்சு எப்போதும் பூட்டியே இருக்கும் வண்டி திருப்பத்தில் நேரே போகவே பார்க்கும்; அதை வளைக்க உடம்பைச் சாய்த்துப் போராட வேண்டும்.

மருந்து டேங்க் வைக்கப் போகிறவர்கள் கேரியரின் எடை வரம்பைப் படிக்க வேண்டும். முன் கேரியருக்கு ஓர் அளவு, பின் கேரியருக்கு வேறு அளவு. 50 லிட்டர் தண்ணீர் என்றால் 50 கிலோ, அதுவும் உயரத்தில். பாதி நிரம்பிய டேங்க் இன்னும் மோசம், சரிவில் நீர் ஒரு பக்கமாக ஓடி வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும்.

இழுவைக் கயிற்றைக் கேரியரில் கட்டுவது பலர் செய்வது. செய்யவே கூடாது. இழுக்கப்படும் கட்டை அசையாமல் நின்று கயிறு விறைக்கும் கணத்தில், உயரத்தில் கட்டிய கயிறு முன்சக்கரங்களைத் தூக்கி வண்டியை ஓட்டுபவர் மேலேயே பின்பக்கமாகக் கவிழ்க்கும். இழுப்பது எதுவானாலும் தாழ்வாக இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும்.

டயர் காற்றிலும் கவனம் வேண்டும். பல மாடல்களில் 5 பி.எஸ்.ஐ. அளவில்தான் காற்று. பெட்ரோல் பங்க் மீட்டர் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை வண்டியோடேயே வாங்கிவிடுங்கள். இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு என்றிருந்தால் சமதரையிலேயே வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சீட்டு நீளமாக இருக்கிறதே, பின்னால் ஒருவரை ஏற்றலாமே என்று தோன்றும். அந்த நீளம் ஏற்றத்தில் முன்னே நகரவும் இறக்கத்தில் பின்னே நகரவும் ஓட்டுபவருக்கு விட்ட இடம். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் நகர இடம் போய்விடும், எடையும் பின்னே சரியும். இரண்டு பேர் போயே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று செய்த இருவர் மாடல் வேண்டும். அதைவிட நல்லது, ஸ்டீயரிங் வீல், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு உள்ள பக்கத்துப் பக்கத்து சீட்டு வண்டி. விலை கூடுதல், குறுகிய பாதையில் நுழையாது. ஆனால் வேலையே முதன்மை என்றால் என் பரிந்துரை அதுதான், பெல்ட்டைப் போட்டுக்கொள்வேன் என்ற உறுதியோடு. பெல்ட் போடாதவருக்கு அந்தக் கூண்டே எமன்.

பெரியவர்களுக்கான வண்டியில் 16 வயதுக்குக் குறைந்தவர் ஏறக்கூடாது என்ற எச்சரிக்கை வண்டியிலேயே ஒட்டியிருக்கும். ஏ.டி.வி. பாதுகாப்பு விதிகளின் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் மூன்று சக்கர ஏ.டி.வி.க்களால் காயமும் மரணமும் பெருகி, 1988-இல் நீதிமன்ற உடன்படிக்கை மூலம் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது; 2008-இல் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் புது மூன்று சக்கர வண்டியை அறவே தடை செய்தது.

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்கள் பண்ணை வைத்திருந்தால் இரண்டு செய்தி. ஒன்று, இந்தப் பாதுகாப்பு விதி புது வண்டிக்கும் வெளிநாட்டிலிருந்து இறக்கிய பழைய வண்டிக்கும்தான். விதிக்கு முன் விற்ற உள்ளூர்ப் பழைய வண்டியில் அட்டையும் இருக்காது, பாதுகாப்புச் சட்டகமும் இருக்காது; சட்டகத்தை நீங்களே பொருத்த வேண்டும். விளையாட்டு வகை வண்டிக்கும் இந்தச் சட்டகம் கட்டாயமில்லை. இரண்டு, 2021 ஜூலை 1 முதல் ஒரு லட்சம் டாலர் வரையிலான பொருளுக்கு, தொழிலுக்கு வாங்கினாலும், நுகர்வோர் உத்தரவாதம் பொருந்தும். பெரிய பழுது என்றால் பணம் திரும்ப வேண்டுமா, மாற்று வண்டி வேண்டுமா என்று தேர்வு செய்வது வாங்கியவர். கம்பெனியிடம் போய்ப் பேசுங்கள் என்று டீலர் கைகழுவ முடியாது.

இந்தியாவில் அப்படிப்பட்ட அட்டை கிடையாது. அதனால் கேள்வி கேட்கும் பொறுப்பு முழுக்க வாங்குபவர்மேல் விழுகிறது. முதல் கேள்வி, இதற்கு ஆர்.சி. கிடைக்குமா? இங்கே விற்கும் ஏ.டி.வி.க்களில் பெரும்பாலானவை சாலைக்கான ஒப்புதல் பெறாதவை. போலாரிஸின் ஸ்போர்ட்ஸ்மேன் 570 போல டிராக்டர் வகையில் ஒப்புதல் பெற்று வந்ததும் உண்டு. பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுக்கு எதிரானது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் பஞ்சாயத்து ரோடு இருந்தால் அதுவும் பொது இடம்தான். அங்கே ஒருவர்மேல் மோதினால் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத நிலையில் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் ஓட்டுறாங்க என்று டீலர் சொன்னால், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மலைப்பகுதியில் இன்னொன்று. எஸ்டேட் எல்லை தாண்டினால் ரிசர்வ் காடு. அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். யானை நடமாடும் தடத்தில் என்ஜின் சத்தத்தோடு போவது சட்டம் இல்லாவிட்டாலும் செய்யத் தகாதது.

சுற்றுலாத் தலங்களில் பணம் கட்டி ஏ.டி.வி. ஓட்டுபவர்களுக்கும் உரிமை உண்டு. ஒருவர் வண்டியில் குழந்தையையும் ஏற்றி விட்டாலோ, ஹெல்மெட் தராவிட்டாலோ இறங்கிவிடுங்கள். ‘என் சொந்தப் பொறுப்பில்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டதால் அவர்களுடைய கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்.

வண்டியே பழுது என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். ஆனால் வாங்கும்போதே ஒன்றை நினைவில் வையுங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். தன் பிழைப்புக்காகத் தானே உழைக்க வாங்கியவர் ஆவார். சொந்தத் தோட்டத்தில் தானே ஓட்டும் விவசாயிக்கு இந்த வழி திறந்திருக்கிறது. பத்து வண்டி வாங்கி வாடகைக்கு விடும் ரிசார்ட்டுக்குக் கஷ்டம். எனவே பில் யார் பெயரில் என்பதைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். சரியான உபயோகக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாததால் தீங்கு நேர்ந்தால், அதற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 84-ஆம் பிரிவு. இறக்குமதி வண்டியோடு உங்களுக்குப் புரியும் மொழியில் கையேடு வரவில்லை என்றால், கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் பின்னால் உதவும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், டீலர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கும். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சர்வீஸ் சென்டரில் பழுதான பாகத்தை மாற்றினால், பழையதை அங்கேயே விட்டுவிடாமல் ஜாப் கார்டு நகலோடு கேட்டு வாங்கி வையுங்கள். பழுதின் தன்மையைச் சோதனை செய்யாமல் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்கு அந்தப் பாகம் உங்களிடம் இருக்க வேண்டும்.